ரீபூட் செய்யாமல் பார்ட்டிஷனை மாற்றுவது

டிஸ்க் நிரம்பிக்கொண்டே வருகிறது, சர்வரை நிறுத்தவும் வழியில்லை. இந்த நிலையில் இருப்பவருக்கான அத்தியாயம் இது. மருத்துவமனைப் பதிவேடு ஓடும் சர்வரையோ, மாத முதல் வாரத்தில் சம்பளக் கணக்கு போடும் சர்வரையோ பகல் பதினொரு மணிக்கு ரீபூட் செய்ய யாரும் அனுமதி தரமாட்டார்கள். நல்லவேளையாக, லினக்ஸில் பார்ட்டிஷன் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு ரீபூட் தேவையே இல்லை. எதற்குத் தேவையில்லை, எதற்குத் தேவை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் கை வைத்தால் டேட்டா போய்விடும்.

கெர்னலின் பிரதி

பார்ட்டிஷன் அட்டவணை டிஸ்க்கிலேயே எழுதப்பட்டிருக்கும் சிறிய பதிவு. பழைய எம்பிஆர் முறையில் அது முதல் செக்டரின் 512 பைட்டுக்குள் 64 பைட் இடம்தான்: நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட். ஜிபிடி முறையில் டிஸ்க்கின் தொடக்கத்தில் ஓர் அட்டவணையும் கடைசியில் அதன் நகலும் இருக்கும். வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் உண்டு. எஃப்டிஸ்க், பார்ட்டெட் போன்ற கருவிகள் திருத்தி எழுதுவது இந்த அட்டவணையைத்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் ஒவ்வொரு முறையும் இந்த அட்டவணையைப் புரட்டிப் பார்ப்பதில்லை. டிஸ்க்கை முதன்முதலில் கண்டபோதே படித்து, எந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது, எத்தனை செக்டர் நீளம் என்று நினைவகத்தில் குறித்து வைத்துக்கொள்கிறது. அதன்பின் நடக்கும் எல்லா வாசிப்பும் எழுத்தும் அந்தப் பிரதியை நம்பித்தான் நடக்கின்றன. நீங்கள் டிஸ்க்கில் அட்டவணையைத் திருத்திவிட்டீர்கள், ஆனால் கெர்னலுக்குச் சொல்லவில்லை என்றால், ஒரே டிஸ்க்குக்கு இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன என்று பொருள். ரீபூட் செய்ததும் எல்லாம் சரியாவதற்குக் காரணம், கெர்னல் டிஸ்க்கை மறுபடி முதலிலிருந்து படிப்பது மட்டுமே. வேறு வழியில் படிக்க வைத்துவிட்டால் ரீபூட்டுக்கு வேலை இல்லை.

படிக்க வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, மொத்த அட்டவணையையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் படிக்கச் சொல்வது. ‘பிளாக்டெவ் --ரீரீட்பிடி’ கட்டளை செய்வது இதைத்தான். அந்த டிஸ்க்கில் ஒரே ஒரு பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருந்தாலும், ஸ்வாப்பாகவோ எல்விஎம்மிலோ பயன்பாட்டில் இருந்தாலும் கெர்னல் மறுத்துவிடும். பிழை எண் 16, சாதனம் பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி வரும். எஃப்டிஸ்க்கின் பழைய பதிப்புகளில் மாற்றத்தை எழுதி வெளியே வரும்போது, பழைய அட்டவணையே தொடர்கிறது, அடுத்த ரீபூட்டில்தான் புதியது வரும் என்று அது எச்சரிப்பதும் இந்த மறுப்பினால்தான். பலர் அந்தச் செய்தியைக் கண்டதும் ரீபூட்டுக்கு நேரம் குறித்துவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு பார்ட்டிஷனைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்வது: இதைச் சேர், இதை நீக்கு, இதன் நீளத்தை மாற்று. பார்ட்எக்ஸ், க்ரோபார்ட், இன்றைய பார்ட்ப்ரோப் எல்லாம் இந்த வழியில் போகின்றன. மற்ற பார்ட்டிஷன்கள் பயன்பாட்டில் இருந்தாலும் இதற்குத் தடையில்லை. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனின் நீளத்தையே மாற்றும் வசதி 2012இல் வெளிவந்த 3.6 கெர்னலில்தான் சேர்ந்தது. ரூட் பார்ட்டிஷனை மாற்றினால் ரீபூட் கட்டாயம் என்று பழைய கையேடுகள் சொல்வது அதற்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தும். ரெட் ஹாட் 6இல் பார்ட்ப்ரோப், பயன்பாட்டில் உள்ள டிஸ்க்கைத் தொட மறுத்தது. அங்கே புதிய பார்ட்டிஷனைச் சேர்க்க பார்ட்எக்ஸைத்தான் நாட வேண்டியிருந்தது. ஆகவே முதலில் ‘யுநேம் -ஆர்’ கொடுத்து எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று பாருங்கள்.

கை வைக்கும் முன்

‘எல்எஸ்பிஎல்கே’ கொடுத்து டிஸ்க்கின் அமைப்பைப் பாருங்கள். எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது, எது எல்விஎம்முக்குள் போயிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஸ்வாப் ஓடுகிறதா என்பதை ‘ஸ்வாப்ஆன் --ஷோ’ காட்டும். பிறகு அட்டவணையை எழுத்து வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள்:

எஸ்எஃப்டிஸ்க் -டி /டெவ்/எஸ்டிஏ

இதன் வெளியீடு சில வரிகள்தான். அதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். வேறு கணினிக்கு அனுப்புங்கள், அல்லது காகிதத்திலாவது எழுதி வையுங்கள். அட்டவணை கெட்டுப்போனாலும் டேட்டா தொடப்படாமல் இருந்தால், இந்தச் சில வரிகளே முழு டிஸ்க்கையும் மீட்டுத் தரும். இது அட்டவணைக்கான காப்பு மட்டுமே. டேட்டாவுக்குத் தனியாக, அதுவும் திருப்பி எடுத்துச் சோதித்துப் பார்த்த பேக்கப் இருக்க வேண்டும். விஎம்வேரில் ஸ்னாப்ஷாட்டை நம்பி வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அது விர்ச்சுவல் டிஸ்க்கைப் பெரிதாக்க விடாது.

ரூட் பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது

நடைமுறையில் அதிகம் வரும் வேலை இதுதான். ஒரு விர்ச்சுவல் மெஷினை எடுத்துக்கொள்வோம். 40 ஜிபி டிஸ்க், ஜிபிடி அட்டவணை. முதல் பார்ட்டிஷன் இஎஃப்ஐக்கு, 512 எம்பி. இரண்டாவது ரூட், ஈஎக்ஸ்டி4. 1050624ஆம் செக்டரில் தொடங்கி 82833408 செக்டர் நீளம். எல்எஸ்பிஎல்கே அதை 39.5 ஜிபி என்று காட்டும். ஹோஸ்டில் டிஸ்க்கை 80 ஜிபி ஆக்கியாகிவிட்டது.

இப்போது நான்கு இடங்களில் அளவு மாற வேண்டும்: கெர்னல் அறிந்த டிஸ்க்கின் அளவு, டிஸ்க்கில் உள்ள அட்டவணை, கெர்னலின் பிரதி, கடைசியாக ஃபைல் சிஸ்டம். வரிசை மாறக்கூடாது.

முதலில் டிஸ்க்கின் அளவு. கேவிஎம்மில் வெர்ட்ஐஓ டிஸ்க்காக, அதாவது விடிஏ என்ற பெயரில் இருந்தால், ஹோஸ்டில் ‘விர்ஷ் பிளாக்ரீசைஸ்’ கொடுத்ததுமே உள்ளே இருக்கும் கெர்னலுக்குத் தெரிந்துவிடும். எஸ்டிஏ என்று வரும் ஸ்கஸி டிஸ்க் பல நேரம் பழைய அளவிலேயே நிற்கும். அதற்கு, ரூட் பயனராக இருந்துகொண்டு /சிஸ்/கிளாஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/ரீஸ்கேன் என்ற கோப்பில் 1 என்று எழுதுங்கள். அடுத்து எல்எஸ்பிஎல்கே கொடுத்தால் டிஸ்க் 80 ஜிபி என்றும் எஸ்டிஏ2 இன்னும் 39.5 ஜிபி என்றும் காட்டும். இந்த இரண்டு எண்களைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

அட்டவணையையும் கெர்னல் பிரதியையும் சேர்த்தே மாற்றுவது க்ரோபார்ட். டிஸ்க்கின் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும்:

க்ரோபார்ட் --ட்ரை-ரன் /டெவ்/எஸ்டிஏ 2

முதலில் இப்படி ஒத்திகை பாருங்கள். பழைய நீளமும் புதிய நீளமும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தொடக்கம் 1050624 என்பது இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ‘--ட்ரை-ரன்’ இல்லாமல் அதே கட்டளையைக் கொடுங்கள். நம் எடுத்துக்காட்டில் நீளம் 166721503 செக்டர் ஆகிறது, அதாவது 79.5 ஜிபி.

ஜிபிடியில் ஒரு சிக்கல் உண்டு. அட்டவணையின் நகல் டிஸ்க்கின் கடைசியில் இருக்கும் என்று சொன்னேன். டிஸ்க் நீண்டுவிட்டால் பழைய ‘கடைசி’ இப்போது நடுவில் கிடக்கும். க்ரோபார்ட் இதைத் தானே சரிசெய்துவிடும். பார்ட்டெட்டில் செய்தால், இதைச் சரிசெய்யவா என்று அது கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். கையால் செய்வதென்றால் ‘எஸ்ஜிடிஸ்க் -இ’ அந்த நகலைப் புதிய கடைசிக்கு நகர்த்தும்.

கடைசியாக ஃபைல் சிஸ்டம். ஈஎக்ஸ்டி4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எஸ்டிஏ2’. மவுண்ட் ஆகியிருக்கும்போதே இது வேலை செய்யும். ஃபைல் சிஸ்டம் இப்போது 20840187 பிளாக் நீளம் என்று சொல்லி முடியும். ஒரு பிளாக் 4 கேபி, அதாவது எட்டு செக்டர். 166721503ஐ எட்டால் வகுத்தால் கணக்கு ஒத்துப்போவதைப் பாருங்கள். எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_க்ரோஎஃப்எஸ் /’ என்று மவுண்ட் புள்ளியைக் கொடுக்க வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்றால் ‘பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் ரீசைஸ் மேக்ஸ் /’. இந்த மூன்றுமே பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பெரிதாகும்.

டிஸ்க் முழுவதுமாக, 100 சதவீதம் நிரம்பிய பிறகு வருபவர்களுக்கு ஒரு தடை காத்திருக்கிறது. க்ரோபார்ட் தன் வேலைக்காக /டெம்ப் அடைவில் ஒரு தற்காலிக அடைவை உருவாக்கும். ரூட்டில் ஒரு பைட்கூட இடமில்லை என்றால் அதுவே தோற்றுவிடும். இடத்தைக் கூட்ட வந்த கருவியே இடமில்லை என்று சொல்லி நின்றுவிடும். வழி எளிது: 10 எம்பி அளவுள்ள ஒரு டெம்ப்எஃப்எஸ்ஸை /டெம்ப் மேல் மவுண்ட் செய்துவிட்டு க்ரோபார்ட்டை ஓட்டுங்கள், முடிந்ததும் அன்மவுண்ட் செய்துவிடுங்கள். அது நினைவகத்தில் இருப்பதால் டிஸ்க்கில் இடம் கேட்காது.

க்ரோபார்ட் இல்லாத கணினியில் ‘பார்ட்டெட் /டெவ்/எஸ்டிஏ ரீசைஸ்பார்ட் 2 100%’ போதும். பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கிறது, தொடரவா என்று கேட்கும். எஃப்டிஸ்க்கில் கடைசியில் எழுதச் சொல்லும்வரை எதுவும் டிஸ்க்குக்குப் போகாது. பார்ட்டெட்டில் என்டர் தட்டியதுமே போய்விடும். ஒன்றின் பழக்கத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

பார்ட்டிஷனை நீக்கிவிட்டு அதே இடத்தில் நீளமாக மறுபடி உருவாக்கும் எஃப்டிஸ்க் முறையைப் பல கையேடுகள் இன்னும் சொல்லித் தருகின்றன. அது வேலை செய்யும். ஆனால் வேறு கருவி இருக்கும்போது நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கணினிகளில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கியிருக்கும். இன்றைய எஃப்டிஸ்க் 2048ஐ முன்வைக்கும். பார்க்காமல் என்டர் தட்டினால் தொடக்கம் 1985 செக்டர் தள்ளிப்போய், அடுத்த மவுண்டில் ஃபைல் சிஸ்டமே கிடைக்காது. இந்த முறையில்தான் செய்தாக வேண்டும் என்றால், எழுதி வைத்த தொடக்க எண்ணை அப்படியே கொடுங்கள். ஈஎக்ஸ்டி4 அடையாளம் இருக்கிறது, அழிக்கவா என்று அது கேட்கும்போது இல்லை என்று சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ‘பார்ட்எக்ஸ் -யு --என்ஆர் 2 /டெவ்/எஸ்டிஏ’ கொடுத்துக் கெர்னலுக்குத் தெரிவியுங்கள்.

நடுவில் ஸ்வாப் நின்றால்

பார்ட்டிஷன் வளர வேண்டுமானால், அதற்கு அடுத்தபடியே காலி இடம் இருக்க வேண்டும். பழைய உபுண்டு நிறுவல்களில் ரூட் எஸ்டிஏ1, அதன்பின் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் எஸ்டிஏ2, அதற்குள் ஸ்வாப் எஸ்டிஏ5 என்று இருக்கும். டிஸ்க்கைப் பெரிதாக்கினாலும் புதிய இடம் ஸ்வாப்புக்கு அப்பால்தான் கிடக்கும். எல்எஸ்பிஎல்கேயில் எஸ்டிஏ2 வெறும் 1 கேபி என்று காட்டுவதைக் கண்டு குழம்ப வேண்டாம். எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனைக் கெர்னல் அப்படித்தான் காட்டும்.

ஸ்வாப்பை நகர்த்த ரீபூட் தேவையில்லை. முதலில் ‘ஃப்ரீ -ஹெச்’ பாருங்கள். ஸ்வாப்பில் இருப்பதெல்லாம் ரேமுக்குத் திரும்பி வரும் என்பதால், ரேமில் அதற்கு இடம் இருக்க வேண்டும். இடமில்லாமல் ‘ஸ்வாப்ஆஃப்’ கொடுத்தால் அது தோற்றுப்போகலாம், ஏதாவது ஒரு புரோகிராமைக் கெர்னல் கொல்லவும் கூடும். அது டேட்டாபேஸாகவும் இருக்கலாம். இடம் இருந்தால் ஸ்வாப்ஆஃப் செய்து, எஸ்டிஏ5ஐயும் எஸ்டிஏ2ஐயும் நீக்கி, எஸ்டிஏ1ஐ வளர்த்து, ஸ்வாப்பை ஒரு கோப்பாக உருவாக்கிவிடுங்கள். தனிப் பார்ட்டிஷனாக வைப்பதைவிட இதுவே நல்லது; அடுத்த முறை வழியில் எதுவும் நிற்காது.

இங்கே இரண்டு இடங்களைத் திருத்த மறந்துவிடுகிறார்கள். ஒன்று, எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய ஸ்வாப்பின் யுயுஐடி வரி. மற்றொன்று, டெபியனிலும் உபுண்டுவிலும் /இடிசி/இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ்/கான்ஃப்.டி/ரெஸ்யூம் என்ற கோப்பு. அதில் பழைய யுயுஐடி இருந்தால், பல மாதம் கழித்து என்றோ ஒருநாள் ரீபூட் ஆகும்போது, இல்லாத சாதனத்துக்காக பூட் காத்துக்கொண்டு நிற்கும். அதைத் திருத்தி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்டுங்கள். பார்ட்டிஷனாகவே மறுபடி ஸ்வாப் வேண்டுமென்றால், ‘எம்கேஸ்வாப் -யு’ கொடுத்து, பெரிய எழுத்து யுவோடு, பழைய யுயுஐடியையே சூட்டிவிடலாம். அப்போது இரண்டு கோப்புகளையும் தொட வேண்டாம்.

எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனுக்குள் இரண்டு மூன்று லாஜிக்கல் பார்ட்டிஷன்கள் பயன்பாட்டில் இருந்தால், நடுவில் ஒன்றை ஓடும்போது நீக்காதீர்கள். எஸ்டிஏ5 போனதும் அட்டவணையில் எஸ்டிஏ6 எஸ்டிஏ5 ஆகிவிடும். கெர்னலின் பிரதியிலோ, மவுண்ட் ஆகியிருக்கும் அது இன்னும் எஸ்டிஏ6. பெயர்கள் இப்படி மாறிக் கிடக்கும்போது கொடுக்கும் எந்தக் கட்டளையும் ஆபத்துதான்.

புதிய பார்ட்டிஷன் சேர்ப்பது

ஓடும் டிஸ்க்கின் காலி இடத்தில் ஒரு பார்ட்டிஷனைச் சேர்ப்பது இந்த அத்தியாயத்திலேயே ஆபத்துக் குறைந்த வேலை. எஃப்டிஸ்க்கில் உருவாக்கி எழுதுங்கள். ‘பார்ட்ப்ரோப் /டெவ்/எஸ்டிஏ’ கொடுங்கள். ‘யுடெவ்ஏடிஎம் செட்டில்’ கொடுத்து, சாதனப் பெயர் உருவாகும்வரை காத்திருங்கள். எம்கேஎஃப்எஸ் கொடுக்கும் முன், /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/எஸ்டிஏ3/ என்ற அடைவில் ‘ஸ்டார்ட்’, ‘சைஸ்’ என்ற இரு கோப்புகளையும் கேட் கட்டளையால் பாருங்கள். அவை கெர்னலின் பிரதியில் உள்ள எண்கள். எஃப்டிஸ்க் -எல் காட்டுவது டிஸ்க்கில் உள்ள எண்கள். இரண்டும் ஒத்துப்போகாமல் எம்கேஎஃப்எஸ் கொடுத்தால், பழைய எல்லைக்குள் இருக்கும் இன்னொருவரின் டேட்டா மேல் புதிய ஃபைல் சிஸ்டத்தை எழுதிவிடுவீர்கள். அரை நிமிடம் ஆகும் சோதனை இது. எவ்வளவு அவசரமானாலும் விட்டுவிடாதீர்கள்.

எஃப்எஸ்டேப் கோப்பில் வரி சேர்த்ததும் ‘ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை’ ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு ‘மவுண்ட் -ஏ’. சிஸ்டம்டி உள்ள கணினியில் ‘சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’ என்பதையும் கொடுங்கள்.

எல்விஎம் இருந்தால்

பார்ட்டிஷனை வளர்த்த பிறகு இரண்டு படிகள் கூடும்: ‘பிவிரீசைஸ் /டெவ்/எஸ்டிஏ3’, பிறகு ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ’ என்பதோடு லாஜிக்கல் வால்யூமின் பெயர். -ஆர் கொடுத்தால் ஃபைல் சிஸ்டத்தையும் அதுவே வளர்த்துவிடும். ஆனால் எதையும் தொடும் முன் ‘விஜிஎஸ்’ கொடுத்துப் பாருங்கள். உபுண்டு சர்வர் நிறுவி எல்விஎம்மில் பெரும்பாலும் பாதி இடத்தை ஒதுக்காமலே விட்டுவைக்கும். டிஸ்க் நிரம்பிவிட்டது என்று வரும் பல உபுண்டு சர்வர்களில் பார்ட்டிஷனைத் தொடவே தேவையிருக்காது. இடம் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும்.

செய்யக்கூடாதவை

சுருக்குவது வேறு விஷயம். ஈஎக்ஸ்டி4ஐ அன்மவுண்ட் செய்தால்தான் சுருக்க முடியும். எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்குவதை நடைமுறையில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஒன்றை உருவாக்கி டேட்டாவை நகலெடுப்பதே வழி. பிடிஆர்எஃப்எஸ் மட்டும் ஓடும்போதே சுருங்கும். எதுவானாலும் முதலில் ஃபைல் சிஸ்டம், பிறகு பார்ட்டிஷன். வளர்க்கும்போது இருந்த வரிசை இங்கே தலைகீழ். பார்ட்டிஷனை முதலில் சுருக்கினால் ஃபைல் சிஸ்டத்தின் வால் எல்லைக்கு வெளியே போய்விடும். ரூட்டே ஈஎக்ஸ்டி4 என்றால் ஓடும்போது அதைச் சுருக்க முடியாது. லைவ் யுஎஸ்பியில் பூட் செய்துதான் ஆக வேண்டும்.

பார்ட்டிஷனின் தொடக்கத்தை நகர்த்துவதும் இதே வகை. கெர்னல் நீளத்தை மாற்ற ஒத்துக்கொள்ளும். பயன்பாட்டில் இருக்கும்போது தொடக்கத்தை மாற்ற ஒத்துக்கொள்ளாது. அப்படி ஒரு மாற்றத்தை அட்டவணையில் எழுதிவிட்டு பார்ட்எக்ஸ் மறுத்துவிட்டால், கட்டாயப்படுத்தும் வழிகளைத் தேடாதீர்கள். சேமித்து வைத்த பழைய அட்டவணையை ‘எஸ்எஃப்டிஸ்க் --நோ-ரீரீட்’ மூலம் திருப்பி எழுதிவிட்டு, அந்த வேலையை நிறுத்த நேரம் கிடைக்கும் இரவுக்குத் தள்ளி வையுங்கள். டிஸ்க்கில் உள்ள எண்களும் கெர்னலில் உள்ள எண்களும் மறுபடி ஒன்றாகும்வரை அந்த டிஸ்க்கில் எம்கேஎஃப்எஸ், எம்கேஸ்வாப், பிவிக்ரியேட் எதையும் ஓட்ட வேண்டாம்; அதே சர்வரில் வேலை செய்யும் மற்றவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.